நூல் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஆட்டிப் பாருங்க!

உங்க வீட்டில் பத்து வருஷத்தைத் தாண்டின கார் ஒண்ணு நிற்கிறதா? அப்பாவோடது, மாமாவோடது, ஏன்... நாலு பேர் காசு போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கின ஃப்ரெண்ட்ஸ் காராகக்கூட இருக்கலாம். நேர் ரோட்டில் போகும்போது லேசாக ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டியரிங் நடுவில் இருக்கிற கம்பெனி முத்திரை தலையைச் சாய்ச்சு நிற்கும். டயர் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகும். உடனே வீட்டுக்குள்ளே இருந்து ஒரு குரல் வரும்: "அலைன்மென்ட் போயிடுச்சு. போட்டுட்டு வந்துடு!"

இந்த வாரம் அந்தக் குரலோடதான் நமக்குச் சண்டை.

அலைன்மென்ட் என்பது ரிப்பேர் இல்லை பாஸ். அது ஒரு அளவு. சக்கரம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று அளந்து, சரியான திசைக்குத் திருப்பி, நட்டை இறுக்குவது. அவ்வளவுதான். ஆடாத பொருளைத்தான் அளக்க முடியும். ஸ்டியரிங்கில் இருந்து சக்கரம் வரைக்கும் இருக்கிற மூட்டுகளில் ஒண்ணு தேய்ந்து லொடலொட என்று ஆடிக்கொண்டிருந்தால், மெஷின் அளந்தது அந்த நிமிஷத்துக்கு மட்டும்தான் உண்மை. கடை வாசலில் இருக்கிற ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டினதும் அது பழைய கணக்கு.

இது எனக்கு கிளாஸ் ரூமில் தெரிந்த விஷயம் இல்லை. செம்பரம்பாக்கத்தில் தெரிந்தது.

அங்கேதான் எங்க சித்தப்பா வீடு. வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். தினமும் பூந்தமல்லியைத் தாண்டி போய் வருகிற வண்டி, 2004 மாடல் சான்ட்ரோ ஸிங். இந்த வண்டிக்கு ஊர்ப்பாசம் ஜாஸ்தி! பெங்களூர் ரோட்டில் செம்பரம்பாக்கத்தில் இருந்து சில கிலோமீட்டர் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே இருக்கிற ஹூண்டாய் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. 1998-ல் அந்தக் கம்பெனி இந்தியாவில் இறக்கின முதல் காரே சான்ட்ரோதான். ஸிங் 2003-ல் வந்தது, 2014 கடைசியில் நின்றது. (2018-ல் அதே பெயரில் புதுசாக ஒண்ணு வந்து, 2022-ல் அதுவும் போய்விட்டது. அது வேற ஜாதகம்.) ஆக, பிறந்த வீட்டில் இருந்து கூப்பிடு தூரத்திலேயே இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தின கார்.

அந்தக் காருக்கு எட்டு மாசத்தில் மூணு தடவை அலைன்மென்ட் போட்டார் சித்தப்பா. மூணும் வேற வேற கடை. மூணு கடையிலும் கம்ப்யூட்டர் பிரிண்ட் கொடுத்தார்கள், எல்லாக் கட்டமும் பச்சை. முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்தது. "கம்ப்யூட்டரே சொல்லுதுடா, எல்லாம் கரெக்ட்டுனு" என்று பேப்பரை எடுத்துக் காட்டுவார். பேப்பரும் டயரும் ஆளுக்கு ஒரு பேச்சு பேசினால் நான் டயர் கட்சி. ஓடினது அதுதானே?

இதில் மாட்டிக்கொண்டு முழித்தது அவர் பொண்ணு. என் தங்கச்சி. பி.காம். ஃபர்ஸ்ட் இயர், எல் போர்டு. சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பழகும்போது வண்டியை ஒரே கோட்டில் பிடிக்க முடியவில்லை. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். பக்கத்தில் கன்டெய்னர் லாரி போனால் இன்னும் மோசம். சித்தப்பா தினமும் திட்டு. "கை ஏன் இப்படி நடுங்குது? ரோட்டைப் பாரு!" இரண்டு மாசத்தில் அவள் சாவியைக் கொடுத்துவிட்டாள். 'எனக்கு டிரைவிங் வராது'.

ஆனால் அவள் ஆரம்பத்திலேயே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தாள். "ஸ்டியரிங்கைத் திருப்பினா கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்கலப்பா. அப்புறம் திடீர்னு திரும்புது." எங்க டிபார்ட்மென்ட்டில் இதை 'ஃப்ரீ பிளே' என்று போர்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போடுவார்கள். மெக்கானிக்கல் படிக்காத ஒரு பொண்ணு அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். கேட்கத்தான் ஆள் இல்லை. பழைய காரை இருபது வருஷமாக ஓட்டுகிறவருக்கு அந்த ஆட்டம் பழகிப்போயிருக்கும். அவர் கையே தன்னை அறியாமல் சரி செய்துகொண்டே வரும். புதுசாக உட்கார்கிறவருக்குத்தான் வண்டியின் நோய் தெரியும். அதனால் உங்க வீட்டு வண்டியில் புதுசாக ஓட்டிப் பழகுகிற யாராவது "என்னமோ மாதிரி இருக்கு" என்று சொன்னால், கையைப் பார்க்காதீர்கள். கீழே குனிந்து சக்கரத்தைப் பாருங்கள்.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

ஸ்டியரிங்கில் இருந்து கீழே இறங்கும் தண்டு ஒரு சின்னப் பல்சக்கரத்தில் முடியும். அது பினியன். அது திரும்பும்போது பல் வெட்டின ஒரு நீளக் கம்பி இடது வலதாக நகரும். அது ரேக். ரேக்கின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு டை ராட். அதன் கடைசியில், சக்கரத்தைப் பிடித்திருக்கிற நக்கிளில் போய் மாட்டுகிற மூட்டுதான் டை ராட் எண்ட். பட்டறையில் சுருக்கமாக 'எண்ட்'. நம்ம இடுப்பு எலும்பு மாதிரி, குழிக்குள் ஒரு குண்டு. மேலே ஏறி இறங்கலாம், சுழலலாம். ஆனால் குழியை விட்டு விலகக் கூடாது. உள்ளே கிரீஸ். வெளியே ஒரு ரப்பர் தொப்பி, பெயர் பூட்.

அந்தத் தொப்பிதான் கதையின் வில்லன், ஹீரோ இரண்டுமே. வயசானால் வெடிக்கும். வெடித்தால் கிரீஸ் வெளியே, மண்ணும் தண்ணியும் உள்ளே. அப்புறம் நடப்பது மூட்டு இல்லை, அரவை மில். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணியில் நீந்தி வருகிற நம்ம புறநகர் வண்டிகளுக்கு இது சீக்கிரமே நடக்கும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாறு கரைபுரண்டபோது சென்னையில் எத்தனை கார் மூழ்கின என்று உங்களுக்கே தெரியும். அதில் பல வண்டிகள் கழுவித் துடைத்து செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. அந்தக் காலத்து வண்டியை வாங்கப் போகிறீர்கள் என்றால், சீட் துணியை முகர்ந்து பார்ப்பதோடு ரேக்கின் இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாக இருக்கிற ரப்பர் உறையையும் பாருங்கள். கிழிந்திருந்தால் உள்ளே துருவும் இருக்க வாய்ப்பு உண்டு.

சும்மா சொல்லவில்லை, சட்டமே இந்தத் தொப்பியைப் பற்றிப் பேசுகிறது! மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, 98-வது விதி. ஸ்டியரிங்கில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஸ்டியரிங் இணைப்புகளின் பால் ஜாயிண்ட்களுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும். மூணே வரியில் ஒரு முழு இன்ஸ்பெக்‌ஷன்.

ஆனால் அந்த 30 டிகிரி ரொம்ப தாராளம் மக்களே. சின்ன காரின் ஸ்டியரிங் விட்டம் 37, 38 செ.மீ. இருக்கும். 30 டிகிரி என்றால் விளிம்பில் ஏறக்குறைய 10 செ.மீ. அவ்வளவு தூரம் சும்மா சுற்றினாலும் சட்டம் கண்டுகொள்ளாது. கார் கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகங்களில் 3 செ.மீ.தான் பொதுவான எல்லை. சட்டம் லாரியில் இருந்து ஆட்டோ வரைக்கும் எல்லோருக்கும் சேர்த்து எழுதினது. நம்ம காருக்கு 3 செ.மீ.யைப் பிடித்துக்கொள்வோம்.

இப்போ ஒரு கணக்கு. பயப்படாதீங்க, கால்குலேட்டர் அனுமதி உண்டு. டை ராட் எண்ட் மாட்டுகிற ஸ்டியரிங் ஆர்மின் நீளம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூட்டில் 1 மி.மீ. ஆட்டம். 120-க்கு 1. கோணம் கிட்டத்தட்ட அரை டிகிரி. 'அரை டிகிரிதானே' என்று விட்டுவிடத் தோன்றும். சக்கரம் அரை டிகிரி தப்பாகப் பார்த்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நேராகப் போனால், அதற்குள் அது 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் 8.7 கிலோமீட்டர். செம்பரம்பாக்கத்தில் டயரைத் தரையில் தேய்த்துக்கொண்டே கிளம்பினால் பூந்தமல்லியைத் தாண்டிவிடலாம்!

அலைன்மென்ட் மெஷினோ டிகிரியை நூறாகப் பிரித்துக் காட்டுகிறது. திரையில் 0.05 என்று வரும், கடைக்காரர் அதை 0.03 ஆக்கப் பாடுபடுவார். கீழே மூட்டு தன் இஷ்டத்துக்கு 0.5 ஆடிக்கொண்டிருக்கும். சித்தப்பாவின் மூணு பச்சைப் பேப்பர் மர்மம் இவ்வளவுதான். மெஷின் பொய் சொல்லவில்லை. வண்டி அந்த நேரத்துக்கு ஒழுங்காகப் போஸ் கொடுத்தது, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நாம கொடுக்கிற மாதிரி.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதற்கு பட்டறை வேண்டாம். ஒரு ஃப்ரெண்ட், ஒரு ஜாக்கி, சமதளமான தரை போதும். ஒரே ஒரு நிபந்தனை: வண்டிக்கு அடியில் உடம்பை விடாதீர்கள். ஜாக்கி என்பது தூக்க மட்டும்தான், தாங்க இல்லை. ஸ்டாண்டு இல்லை என்றால், சக்கரத்தின் வெளியே நின்று செய்கிற சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் தூக்காமலே ஒரு சோதனை. சக்கரம் தரையில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போடுங்கள், கியர் நியூட்ரல். பவர் ஸ்டியரிங் வண்டி என்றால் இன்ஜின் ஓடட்டும். ஃப்ரெண்டை உள்ளே உட்கார வைத்து ஸ்டியரிங்கை லேசாக இடது வலது, இடது வலது என்று ஆட்டச் சொல்லுங்கள். முழுக்கத் திருப்பக் கூடாது, சும்மா அசைப்பதுதான். நீங்க வெளியே இருந்து சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். டை ராட் அசைகிற அதே நொடியில் சக்கரமும் அசைய வேண்டும். ராட் முதலில், சக்கரம் கொஞ்சம் தாமதமாக என்றால் மூட்டு போச்சு. 'டக்... டக்...' என்று சத்தமும் கேட்கும். ஆர்வக்கோளாறில் கையை உள்ளே விட்டு டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் விரலைக் கொடுத்துவிடாதீர்கள். செமஸ்டர் எக்ஸாம் எழுதணும்.

அப்புறம் இன்ஜினை நிறுத்தி, முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, 9 மணி, 3 மணி இருக்கிற இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆடினால் சந்தேகம் எண்ட் மேலேயும், உள்ளே இருக்கிற ரேக் எண்ட் மேலேயும். அடுத்து 12 மணி, 6 மணி. இங்கே ஆடினால் கீழே இருக்கிற லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இரண்டில் எது? ஃப்ரெண்டை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் காணாமல் போனால் பேரிங். அப்படியே இருந்தால் ஜாயிண்ட். பிரேக் அழுத்தினதும் டிஸ்க்கும் நக்கிளும் ஒண்ணாகப் பூட்டிக்கொள்வதால் பேரிங் ஆட்டம் மறைந்துவிடுகிறது. இதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு மேஜிக் ஷோ மாதிரி இருந்தது.

மூணாவது, டயரைத் தடவுவது. நிஜமாகவே தடவுவதுதான்! உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியில் இருந்து உள்ளே, அப்புறம் உள்ளே இருந்து வெளியே ஓட்டுங்கள். கம்பி நீட்டிக்கொண்டு இல்லையே என்று முதலில் கண்ணால் பார்த்துவிட்டு. பூனை முதுகு மாதிரி ஒரு திசையில் வழுவழு, எதிர்த் திசையில் நறநற என்று இருந்தால் அது டோ கோளாறு, அதாவது சக்கரம் நேராகப் பார்க்கவில்லை. நறநற இல்லாமல் ஒரு ஓரம் மட்டும் சீராகத் தேய்ந்தால் கேம்பர், அதாவது சக்கரம் மேலே கீழே சாய்ந்திருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. கை ரேகை பார்க்கிறவர் தோற்றார்!

சித்தப்பா வண்டியில் இரண்டு பக்க எண்ட்களும் ஆடின. இடது பக்க பால் ஜாயிண்ட்டும் போயிருந்தது. அந்தப் பக்கம் ஏன் முதலில் போகிறது தெரியுமா? நம்ம ஊரில் இடது ஓரம்தான் குழி, மண், மழைத்தண்ணி, பேட்ச் ஒர்க் எல்லாமே. அந்தப் பக்கச் சக்கரம் சம்பளம் இல்லாமல் ஓவர் டைம் பார்க்கிறது.

இதில் டயர் காசு போவது சின்ன விஷயம். பால் ஜாயிண்ட் முழுசாகக் கழன்றுகொண்டால் அந்தப் பக்கச் சக்கரம் உள்ளே மடிந்து வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். எண்ட் கழன்றால் ஒரு சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும், இன்னொன்று கேட்காது. பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் அந்த ரோட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குப் போகிற டிரெய்லர்களைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவை இல்லை. அந்த ரோட்டின் ஓரத்தில்தான் தங்கச்சி இரண்டு மாசம் ஓட்டிப் பழகியிருக்கிறாள்.

சுற்றை எண்ணுங்க

சித்தப்பாவைப் பட்டறைக்குக் கூட்டிப்போக ஒரு வாரம் ஆனது. "மறுபடியும் அலைன்மென்ட்டே போட்டுடலாமே" என்று கடைசி வரைக்கும் முனகல். சர்வீஸ் ரோட்டில் இருந்த ஒரு மெக்கானிக் அண்ணன் சக்கரத்தை ஒரே ஆட்டு ஆட்டிவிட்டு சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "ஆடுற பல்லுக்கு யாராவது கிளிப் போடுவாங்களா சார்?"

மாற்றுகிற வேலையை நீங்களே செய்யச் சொல்ல மாட்டேன். ஸ்டியரிங்கும் பிரேக்கும் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்கிற இடம் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். பார்க்கத் தெரிந்தவர் முன்னால் வேலை சுத்தமாக நடக்கும்.

சக்கரத்தைக் கழற்றினதும், எண்டையும் டை ராடையும் பூட்டியிருக்கிற லாக் நட்டை லேசாகத் தளர்த்துவார்கள். அடுத்து எண்டின் அடியில் இருக்கிற நட். கிரீடம் மாதிரி பள்ளம் வெட்டின காசில் நட் என்றால், அதில் குறுக்கே ஒரு ஸ்பிலிட் பின் இருக்கும். பின்னை எடுத்து நட்டைக் கழற்றினாலும் எண்ட் வராது. கூம்பு வடிவத் தண்டு, நக்கிளின் கூம்புத் துளையில் வருஷக்கணக்கில் இறுகிப்போயிருக்கும். புல்லர் போட்டு எடுப்பது முறை. புல்லர் இல்லாத இடத்தில் சுத்தியல் பேசும். பேசட்டும், ஆனால் நக்கிளின் காது மேல் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். கீழே இருந்து தண்டின் மரை மேலேயே மடார் மடார் என்று அடித்தால், அந்த அதிர்ச்சி மற்ற மூட்டுகளுக்கும் போகும்.

இப்போதுதான் நீங்க கவனிக்க வேண்டிய கட்டம். பழைய எண்டை ராடில் இருந்து சுற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். அண்ணன் சத்தமாக எண்ணினார், இடது பக்கம் பதினேழு. புதுசை அதே பதினேழு சுற்று ஏற்றினார். ஏன் இந்தக் கஞ்சத்தனம்? மரையின் இடைவெளி 1.5 மி.மீ. என்றால் ஒரு சுற்று தப்பினாலே ராடின் நீளம் 1.5 மி.மீ. மாறும். நம்ம 12 செ.மீ. கணக்கில் அது முக்கால் டிகிரிக்குப் பக்கத்தில். எண்ணி மாட்டினால் அலைன்மென்ட் கடை வரைக்கும் வண்டி மரியாதையாகப் போய்ச் சேரும். எண்ணாமல் மாட்டினால் நண்டு மாதிரி போகும்.

காசில் நட்டை இறுக்கினதும் பள்ளமும் துளையும் நேர் வராது. நேர் வருகிற வரைக்கும் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். பின்னால் தளர்த்தி நேர் செய்வது தப்பு. ஸ்பிலிட் பின் புதுசு போட வேண்டும். பழசை நிமிர்த்தி மறுபடி நுழைக்கிறவரைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு டீ காசுகூட இல்லாத சாமான், அதுதான் அந்த நட்டுக்குப் பூட்டு. 98-வது விதியின் கடைசி வரி ஞாபகம் இருக்கிறதா?

பால் ஜாயிண்ட்டை மட்டும் தனியாகப் போடுவதா, லோயர் ஆர்மையே மாற்றுவதா என்று ஒரு விவாதம் வந்தது. இருபது வருஷ ஆர்மில் ரப்பர் புஷ்களும் காய்ந்து வெடித்திருந்தன. ஆர்மோடு மாற்றினார்கள். இதில் என் ஓட்டும் அதுக்குத்தான். புஷ் ஆடினாலும் அலைன்மென்ட் ஆடும், கூலி இரண்டு தடவை கொடுக்க வேண்டி வரும்.

சாமான் வாங்குவது தனிக் கலை. சென்னையில் பழைய வண்டி வைத்திருப்பவருக்குப் புதுப்பேட்டை குலதெய்வம். கதவு வேணுமா, கண்ணாடி வேணுமா, பம்பர் வேணுமா, போங்க. ஆனால் ஸ்டியரிங் எண்ட், பால் ஜாயிண்ட் மட்டும் பழசு வாங்காதீர்கள். வேறொரு வண்டியில் எத்தனை குழி பார்த்த மூட்டு என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது. ஜி.பி. ரோட்டில் புது சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கேயும் டப்பாவை மட்டும் பார்க்காமல் பொருளைக் கையில் எடுங்கள். தண்டைப் பிடித்து ஆட்டினால் கனமாக, சீராக, இறுக்கமாகத் திரும்ப வேண்டும். புதுசிலேயே தொளதொள என்றால் அது டூப்ளிகேட் வாசனை. ஸ்டியரிங் சாமான் செய்வதில் நம்ம சென்னைக்கு நல்ல பெயர் உண்டு, ரானே மாதிரி கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக இங்கேதான் செய்கிறார்கள். அப்புறம் எதற்குப் பெயர் தெரியாத டப்பா?

அலைன்மென்ட் கடையில் வாயைத் திறங்க

இப்போதான் மெஷினுக்கு வேலை. நேராக ஏற்றிவிடாமல் காற்று பார்க்கச் சொல்லுங்கள், டிக்கியில் இருக்கிற சிமென்ட் மூட்டை வகையறாவை இறக்குங்கள். அதற்கு அப்புறம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "அட்ஜஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு பிரிண்ட் கொடுங்க." கடைசி பிரிண்ட் எல்லாருக்கும் பச்சையாகத்தான் வரும். முதல் பிரிண்ட்டில்தான் வண்டியின் ஜாதகம் இருக்கிறது.

சான்ட்ரோ மாதிரி சின்ன கார்களின் முன்பக்கத்தில் சாதாரணமாகத் திருப்பிச் சரி செய்யக் கூடியது டோ மட்டும்தான். கேம்பர், காஸ்டர் தப்பாக இருந்தால், ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சில இடங்களில் ஹைட்ராலிக் ஜாக்கியை முட்டுக்கொடுத்து, ஸ்ட்ரட்டை அழுத்தி வளைத்து கேம்பரைப் 'பச்சை'யாக்குவார்கள். திரை சந்தோஷப்படும், இரும்பு சந்தோஷப்படாது. எந்தப் பொருள் வளைந்தது என்று கண்டுபிடித்து மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங் ஆர்ம் வளைந்திருந்தால் இன்னும் நுணுக்கம். நம்ம 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' பேப்பரில் ஆக்கர்மன் என்று ஒருத்தர் வருவாரே, அவர் சமாசாரம் அந்த ஆர்மில்தான் இருக்கிறது. திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில் போகிறது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது. அதனால் உள் சக்கரம் கொஞ்சம் அதிகமாகத் திரும்ப வேண்டும். ஆர்மின் சாய்வுக் கோணம்தான் அதைச் செய்கிறது. இதை ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக் கோச் வண்டி செய்கிற லாங்கென்ஷ்பெர்கர் கண்டுபிடித்தார். அவர் சார்பாக ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-ல் லண்டனில் பேட்டன்ட் வாங்கினார். பெயர் ஏஜென்ட்டுக்குப் போய்விட்டது! பிராஜெக்ட்டில் வேலை செய்தவன் ஒருத்தன், வைவாவில் பேசினவன் ஒருத்தன் கதைதான். போகட்டும். ஆர்ம் வளைந்த வண்டி நேர் ரோட்டில் பச்சை காட்டும், திருப்பத்தில் டயரைக் கிழிக்கும். பெரிய குழியில் இறங்கினதோ, பிளாட்ஃபார்மில் முட்டினதோ உங்க வண்டியின் சரித்திரத்தில் இருந்தால், சக்கரத்தைத் திருப்பி வைத்தும் இரண்டு பக்கக் கோணத்தை அளக்கச் சொல்லுங்கள்.

மெஷின் இல்லாத ஊரில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நூல்! காரின் இரண்டு பக்கமும் இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பு இரண்டும் நூலில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று ஸ்கேலில் அளப்பது. 13 இன்ச் ரிம்மில் அரை டிகிரி என்றால் வித்தியாசம் ஏறக்குறைய 3 மி.மீ., கண்ணுக்கே தெரியும். பழைய வித்தை என்று சிரிக்காதீர்கள், ரேஸ் டீம்கள் இன்றைக்கும் டிராக்கில் நூல்தான் பிடிக்கிறார்கள். நூலுக்கும் கேமராவுக்கும் நிபந்தனை ஒன்றேதான், மூட்டு ஆடக் கூடாது.

வேலை முடிந்து ஓட்டிப் பார்க்கும்போது இன்னொரு குழப்பம் வரும். ஸ்டியரிங்கை லேசாக விட்டால் வண்டி மெதுவாக இடது பக்கம் ஒதுங்கும். ஐயோ என்று திரும்பி ஓடாதீர்கள். தண்ணி வடிய ரோட்டை ஓரத்துக்குச் சரிவாகத்தான் போடுவார்கள். நாம் போவது இடது ஓரம், அதனால் மெல்ல ஒதுங்குவது ரோட்டின் குணம். வெடுக்கென்று இழுத்தால்தான் கோளாறு. அப்படி இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் போனால் குற்றவாளி டயர்.

சித்தப்பா வண்டி இப்போது நேராகப் போகிறது. ஸ்டியரிங் ஆட்டம் 3 செ.மீ.க்குள் வந்துவிட்டது. பதினைந்து வருஷம் தாண்டின காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியைக் காட்ட வேண்டும் என்பதால் அவருக்கும் நிம்மதி. தங்கச்சி சாவியைத் திரும்ப வாங்கி, பூந்தமல்லி வரைக்கும் ஒரு கோடு போட்ட மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தாள். சித்தப்பா இறங்கினதும் சொன்னார், "பாத்தியா, இப்பத்தான் உனக்கு கை நேரா வருது!" அவள் என்னைப் பார்த்தாள். நான் டயரைப் பார்த்தேன்.

உங்க வண்டிக்கும் இதெல்லாம் செய்து முடித்துவிட்டீர்கள் என்றால், கிலோமீட்டர் மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரியாக 1,000 கிலோமீட்டர் ஓடினதும் லாக் நட் இறுக்கமாக இருக்கிறதா, பூட் கிழியாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் முன் டயரை இரண்டு திசையிலும் ஒரு தடவு. எதிர்த் திசையில் நறநற இருந்தால், பழைய பிரிண்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு முதலில் பட்டறைக்குப் போங்க. அதற்கு அப்புறம்தான் அலைன்மென்ட் கடை.